ஐஸில் இறங்கிய ஐந்து ரூபாய்

9.1.2007, செவ்வாய்

பிரிஜ் இன்றும் காலையில் முக்கி முனகிக்கொண்டுதான் நின்றது. வழக்கமான இரைச்சல் இல்லை. உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஒரு டக் டக். கீழே தண்ணீர். கதவைத் திறந்தால் முகத்தில் குளிர் அடிக்கவில்லை. நேற்று வாங்கிய சூடை மீன் மணக்கத் தொடங்கிவிட்டது. மீன் போனால் போகட்டும், பூனைக்கு யோகம். என் கண் மருந்தும் அல்லவா அதற்குள் இருக்கிறது!

கண்ணுக்குள் அமுக்கம் கூடிப் பக்கப் பார்வையை ஏற்கெனவே இழந்தவன் நான். கொழும்பிலிருந்து ஆள்பிடித்து எடுப்பிக்கிற சின்னக் குப்பிகள். டொக்டர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது: "போன பார்வை வராது மிஸ்டர் குலசிங்கம். இருக்கிறதைக் காப்பாற்றத்தான் இது. வெக்கைப்பட்டால் இது மருந்தில்லை, வெறும் தண்ணி."

பிரிஜ் செத்தால் என் கண்ணும் சாகும். கணக்கு அவ்வளவுதான்.

12.1.2007

மத்தியானம் பார்த்தால் நன்றாகக் குளிர்கிறது. சத்தமும் இல்லை. காலையில் மட்டும் ஏன்?

இராசமலர் மேல் எனக்கு ஒரு சந்தேகக் கண். என் மனைவி புஸ்பராணியின் தங்கை. வெருகலில் பீரங்கிச் செல்லடி தாங்காமல் ஒரு பையோடு வந்து சேர்ந்தவள். வரும்போது கண்ணீரோடு வந்தாள், நானும் இருக்கச் சொன்னேன், அதில் குறையில்லை. ஆனால் அவள் வந்த பிறகுதான் பிரிஜ் இப்படி. திறந்துவிட்டு அப்படியே நிற்கிறாள். பிரிஜ் கதவைத் தேவையில்லாமல் திறக்கக் கூடாது என்று பொதுவாகச் சொன்னேன். "ஓம் அத்தான்" என்றாள். அக்காவும் தங்கையும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

முப்பது வருசம் துறைமுகப் பண்டகசாலையில் கிளாக்கராக இருந்தவன் நான். சாமான் குறைந்தால் எலியைத் தேடாதே, சாவி வைத்திருப்பவனைத் தேடு. இது என் அனுபவம்.

15.1.2007, தைப்பொங்கல்

பொங்கினோம். பக்கத்து வீட்டில் பொங்கவில்லை. பாக்கியரத்தினம் மாஸ்ரரின் மகனைப் போன மாதம் கொண்டுபோனவர்கள் இன்னும் விடவில்லை. யார் கொண்டுபோனது என்று ஒருவருக்கும் தெரியாது, அல்லது தெரியாது என்றுதான் சொல்கிறார்கள். பின்கதவால் வந்து, பின்கதவாலேயே கொண்டுபோனார்கள்.

அதற்குப் பிறகு புஸ்பராணிக்கு எங்கள் பின்கதவு கண்ணுக்குள் நிற்கிறது. அந்தக் கிழமையே, கல் வைத்துக் கட்டி அடைப்போம் என்றாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரித்தேன். செக்கிங்குக்கு வருகிறவன், இருந்த கதவை இப்போது ஏன் அடைத்திருக்கிறது என்று கேட்கமாட்டானா? வீட்டுப் பதிவு இருக்கிறது, என் பென்சன் அட்டை இருக்கிறது, குற்றம் செய்யாதவனுக்கு என்ன பயம்? அப்படியென்றால் யோகனைக் கட்டாருக்கு அனுப்புவோம் என்றாள். என் ஒரே மகன், இருபத்துநாலு வயது, பஸ் நிலையத்தடியில் போன் கடையில் நிற்கிறான். அவனை ஒட்டகம் மேய்க்க அனுப்பவா வளர்த்தேன் என்று சத்தம் போட்டேன். அதோடு அவள் அந்தக் கதையை எடுக்கவில்லை.

18.1.2007

பிரிஜ் திருத்துகிற பாயிஸ் வந்தான். கிண்ணியா முஸ்லிம் ஆள். சந்தைப் பக்கம் கடை. போன சித்திரையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் அவர்களைக் கூப்பிடுவதில்லை, அவர்கள் தெருவில் எங்களை. ஆனால் தமிழ்ப் பையன் ஒருத்தன் இந்த வேலை செய்தான், அவன் இப்போது எங்கே என்று கேட்கக் கூடாது. வேறு வழி?

பின்பக்கக் கம்பியில் இருந்த ஒட்டறையைத் தட்டினான், கதவு றப்பரைப் பார்த்தான், கொம்பிறசருக்குப் பக்கத்தில் ஏதோ சின்னச் சாமானை மாற்றினான். முன்கால் ஒன்று வளைந்திருக்கிறது என்று சொல்லி நிமிர்த்தினான். வீட்டுக்குள் எத்தனை பேர் என்று கேட்டான். ஏன் கேட்டான்? எத்தனை பேர் திறந்து மூடுகிறார்கள் என்று அறியவாம். 

பின்னேரம் ஐஸ் கட்டியாக உறைந்தது.

19.1.2007

விடிய அதே டக் டக். அதே தண்ணீர்.

22.1.2007

பாயிஸ் பிரிஜ்ஜைக் கடைக்கு ஏற்றிக்கொண்டு போனான். இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்க்க வேண்டுமாம். அதுவரை என் மருந்துக் குப்பிகளைத் தான் பார்த்துக்கொள்வதாகப் புஸ்பராணி சொன்னாள்.

இந்த விளையாட்டு எனக்குத் தெரியாதா? நல்ல கொம்பிறசரைக் கழற்றிப் பழசைப் பூட்டி அனுப்புவார்கள். ஏற்றுவதற்கு முன் குனிந்து கொம்பிறசரின் அடியில் நீல மையால் ஒரு புள்ளி வைத்தேன். பண்டகசாலைப் புத்தி.

24.1.2007

பிரிஜ் இல்லாத வீட்டில் புஸ்பராணியின் முகம் கறுத்துக் கிடக்கிறது. இரண்டு காலையாக அவள் கண்ணும் சிவந்திருக்கிறது. ஐஸ் தண்ணீருக்கு இவ்வளவு ஏக்கமா? மா இடிக்கிற உரல் பின்கதவடியில் கிடந்தது, காலில் இடித்துக்கொண்டேன். ஏன் இங்கே என்று கேட்டால், அங்கே காற்று வரும், இருந்து இடிக்கலாம் என்றாள் இராசமலர். மா எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

26.1.2007, வெள்ளி

பிரிஜ் வந்தது. கடையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியதாம், ஐஸ் கல்லு மாதிரி இருந்ததாம். அவன் போன பிறகு குனிந்து பார்த்தேன். நீலப் புள்ளி இல்லை.

27.1.2007

விடிய பிரிஜ் வெக்கை. நேராகப் பாயிஸ் கடைக்குப் போனேன். நாலு பேர் முன்னால் கேட்டேன், என் கொம்பிறசர் எங்கே என்று. கள்ளன் என்ற சொல்லையும் சொல்லிவிட்டேன். உங்கட ஆக்களை நம்பி வீட்டுக்குள் விட்டது என் பிழை என்றும் சொன்னேன்.

அவன் கை துடைத்த துணியை மேசையில் வைத்தான். "ஐயா, கொம்பிறசரெல்லாம் எண்ணெயும் தூசியுமா இருந்திச்சு, துடைச்சிதான் அனுப்பினேன். உங்கட புள்ளி அதோட போயிருக்கும். உங்கட தெருவுக்கு வேலைக்குப் போறேன் எண்டு சொன்னதுக்கு எங்கட வீட்டில ரெண்டு நாள் என்னோட கதைக்கல்ல. தெரியுமா உங்களுக்கு?"

நான் திரும்பி நடக்கப் பார்த்தேன்.

"நோய் பிரிஜ்ஜில இல்ல, உங்கட வீட்டில" என்றான். "ஒரு கிண்ணத்தில தண்ணி வச்சு ஐஸாக்குங்க. மேல ஒரு காசுக் குத்திய வைங்க. விடியப் பாருங்க. குத்தி மேலயே கிடந்தா நான் கள்ளன்."

29.1.2007

ஒருவருக்கும் சொல்லாமல் செய்தேன். படுக்கப் போகும்போது ஐஸுக்கு மேலே ஐந்து ரூபாய்க் குத்தி. விடியப் பார்த்தால் குத்தி பாதி ஆழத்தில் நிற்கிறது. மேலே புதிதாக மெல்லிய ஐஸ்.

அப்படியானால் இரவில் பிரிஜ் நிற்கிறது, ஐஸ் உருகுகிறது, விடியப் பிறகு ஓடுகிறது. கரண்ட் போகவில்லை, என் அறைக் காற்றாடி இரவு முழுக்கச் சுற்றியது. பிளக்கை யாரோ கழற்றுகிறார்கள். வீட்டுக்குள் இருக்கிற யாரோ.

1.2.2007

கண் மருந்துக் குப்பியில் மணல். துடைத்தாலும் விரலில் நெருடுகிறது. பிரிஜ்ஜுக்குள் மணல் எப்படி வரும்? குப்பி ஈரம், மண்பானை வாசம். என் மருந்தை யார் எடுத்து என்ன செய்கிறார்கள்?

இராசமலரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "என்னைக் கேளாதேங்கோ அத்தான்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். தெரியாது என்று சொல்லவில்லை. கேளாதே என்கிறாள்.

என் வீட்டில் எனக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கிறார்கள், நான் வந்தால் கதை நிற்கிறது. வலது காது துறைமுக இயந்திரச் சத்தத்தில் போனது, நல்ல இடது காதைத் தலையணையில் புதைத்துப் படுப்பவன் நான். இரவில் வீட்டையே தூக்கிக்கொண்டு போனாலும் எனக்குக் கேட்காது. அது அவர்களுக்கு நல்ல வசதி.

3.2.2007

கண் காட்டாததைக் கால் காட்டியது. குசினியில், அடுப்படிப் பக்கம் வெறுங்காலோடு போகும்போது சீமெந்துத் தரையில் ஒரு கீறல் பாதத்தில் நெருடியது. குந்தியிருந்து விரலால் தடவிப் பார்த்தேன். பிரிஜ்ஜின் காலடியில் தொடங்கி வளைந்து போகிறது. ஒன்றல்ல, பல கீறல்கள், ஒன்றின் மேல் ஒன்று. பிரிஜ்ஜை யாரோ இழுக்கிறார்கள். பிளக் வயர் அவ்வளவு தூரம் எட்டாது, அதுதான் கழற்றுகிறார்கள். கால் வளைந்ததும் அதனால்தான். இழுத்த கையோடு பிளக்கைப் போட்டால் கொம்பிறசர் தட்டாமல் என்ன செய்யும்?

ஆனால் ஏன் இழுக்க வேண்டும்? பின்னால் எதையாவது வைக்க. அல்லது வைத்ததை எடுக்க.

யோகனின் அறை குசினிக்குப் பக்கத்தில்.

 அவன் அப்பிடிப்பட்ட பிள்ளை இல்லை. ஆனா எல்லாத் தகப்பனும் இதைத்தானே சொல்லுறான்? போன் கடையில் ஆர் ஆர் வருகினம், ஆர் என்னத்தைக் குடுத்து வைச்சிரு எண்டு சொல்லுகினம், எனக்கு என்ன தெரியும்? செக்கிங்கில அது கிடைச்சால்? என்ர பிள்ளையை நானே... வேண்டாம்.

5.2.2007

எல்லாரும் வெளியே போன நேரம் பார்த்துப் பிரிஜ்ஜின் பின்னால் கை விட்டுத் தேடினேன். சுவரைத் தட்டிப் பார்த்தேன், அடியில் தடியை விட்டுத் துழாவினேன். ஒன்றுமில்லை. மடித்து வைத்த ஈரச் சாக்கு ஒன்று மட்டும், நடுவில் தேய்ந்து கிழிந்துபோய்.

யோகனின் அலுமாரியையும் பார்த்தேன். சட்டைகள், ஒரு பழைய பந்து. பிள்ளையின் உடுப்புக்குள் கை விட்டுத் தேடியவன் என்று இன்று என்னை நானே வெறுக்கிறேன். ஆனாலும் நிம்மதி வரவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், ஒன்றும் இல்லை என்று அர்த்தமா?

6.2.2007

கண்டுபிடிக்க முடியாவிட்டால் தடுக்கலாம். இன்று யோகன் வேலைக்குப் போன பிறகு இரும்புச் சங்கிலி ஒன்றைப் பிரிஜ்ஜின் பின்கம்பிச் சட்டத்தில் கோத்து யன்னல் கம்பியோடு இழுத்துப் பூட்டிவிட்டேன். பூட்டுச் சாவி என் இடுப்பில். கேட்டதற்கு, ஆடுகிறது, சத்தம் வராமல் இறுக்கினேன் என்றேன்.

புஸ்பராணி சோறு போடும்போது அகப்பையைக் கீழே போட்டாள். ஆக, அவளுக்கும் தெரியும். சரி. இன்று இரவு பார்ப்போம்.

7.2.2007, புதன்

விடிய எழும்பினேன். முதலில் குத்தியைப் பார்க்கத்தான் குசினிக்குப் போனேன். பிரிஜ் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வெற்றி என்று நினைத்தேன்.

திரும்பினால் பின்கதவடியில் புஸ்பராணி. உரலைக் கதவோடு சாய்த்து, அது உருளாமல் தன் முதுகை அதற்கு முட்டுக் கொடுத்து, கால் நீட்டித் தரையில் இருந்தபடியே நித்திரை. மடியில் உலக்கை.

எனக்கு அப்போதுதான் தரைக் கீறல் எங்கே போய் முடிகிறது என்று விளங்கியது. வளைந்து வளைந்து பின்கதவுக்கு. இவ்வளவு நாளும் அது தொடங்கிய இடத்தையே தடவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எழுப்பினேன். திடுக்கிட்டு உலக்கையைத் தூக்கினாள். நான் என்று தெரிந்ததும் அழத் தொடங்கினாள். மாஸ்ரரின் மகனைக் கொண்டுபோன கிழமையில் இருந்து, நான் படுத்த பிறகு, அவளும் தங்கையும் ஈரச் சாக்கைக் காலடியில் போட்டுப் பிரிஜ்ஜை இழுத்துப் பின்கதவில் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சுற்றிவளைப்பு வந்தால் கதவை அடைத்தது தெரியக் கூடாது என்று விடியும் முன்பே பழைய இடத்துக்கு இழுத்துவிடுவார்கள். செக்கிங்காரன் சந்தேகப்படுவான் என்று நான் சொன்னேனே, அதைக் கேட்டுத்தான். என் குப்பிகளை ஒவ்வொரு இரவும் எடுத்து ஈரமணல் போட்ட பானைக்குள் புதைத்து வைத்து, காலையில் துடைத்து உள்ளே வைத்திருக்கிறாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னனான். நீங்கள் சிரிச்சனீங்கள்" என்றாள். "நீங்கள் சிரிச்சால் எனக்குப் பயம் போகுமே? உரலை வைச்சுப் பாத்தனான், அது உருளுது. இந்த வீட்டில பாரமானது பிரிஜ் ஒண்டுதான்."

 சங்கிலியைக் கழற்றினேன்.

8.2.2007

யோகனிடம் கேட்டேன், உனக்குத் தெரியுமா என்று.

"தெரியும் அப்பா. நித்திரை மாதிரிக் கிடப்பன். எழும்பினா அம்மா, நான் பயந்துபோனன் எண்டு நினைச்சு இன்னும் பயப்படுவா."

நீ பயப்படவில்லையா என்றேன். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். இந்தப் பிள்ளையின் அலுமாரியைத் தேடினேன் என்று அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

10.2.2007

பாயிஸ் கடைக்குப் போனேன். முன்பு கேட்ட நாலு பேரும் இல்லை, அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் வரும்வரை இருந்து, வந்த பிறகுதான் மன்னிப்புக் கேட்டேன். அவன் தேத்தண்ணி எடுப்பித்தான். குத்தி எங்கே கிடந்தது என்று மட்டும் கேட்டான். விசயத்தைச் சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை, கதவு என்றேன், பயம் என்றேன்.  பிறகு, தன் உம்மாவும் அலுமாரியைக் கதவுக்கு இழுப்பவர்தான் என்றான்.

பின்னேரம் நீட்டு வயர் ஒன்றோடு வந்தான். பிரிஜ்ஜைப் பின்கதவடியில் நிறுத்தி, காற்றுப் போகக் கதவுக்கும் பின்கம்பிக்கும் இடையில் மரச்சட்டம் இரண்டை இறுக்கினான். வயரைச் சுவரோடு அடித்து, பக்கத்தில் குசினி அலுமாரியையும் இழுத்து வைத்தான். இப்போது பார்த்தால் அது அங்கேதான் எப்போதும் நின்றது போல இருக்கிறது.

11.2.2007

குத்தி மேலேயே கிடக்கிறது. புஸ்பராணி ஏழு மணி மட்டும் நித்திரை.

21.2.2007

விடியச் சுற்றிவளைப்பு. எல்லாரையும் முற்றத்தில் நிறுத்திவிட்டு இரண்டு நேவிக்காரர் உள்ளே வந்தார்கள். ஒருவன் பிரிஜ்ஜைக் கையால் தட்டி, கதவடியில் ஏன் என்று சைகையால் கேட்டான். பழைய இடத்தில் வெக்கை, பழுது என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவன் திறந்து பார்த்தான். ஒரு போத்தல் தண்ணீரை எடுத்து அண்ணாந்து குடித்தான், மற்றவனுக்கும் கொடுத்தான், போனார்கள். தண்ணீர் குளிராக இருந்தது நல்லதாகப் போயிற்று.

16.3.2007

இதை எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன்.

காலையில் வெளிப்பக்கத்தால் சுற்றிப் பின்வளவுக்குப் போனேன். பின்கதவின் தாழ்ப்பாள் நெம்பப்பட்டிருந்தது. நிலையில் புது மரச் சிராய். கதவு இரண்டு விரல் அகலம் உள்ளே போயிருக்கிறது. அதற்கு மேல் போகவில்லை. இடைவெளியில் காதை வைத்தேன், உள்ளே பிரிஜ் ஓடுகிற சத்தம் கேட்டது. ஆள் விழித்திருக்கிறது என்று நினைத்துப் போனார்களோ? தள்ளிப் பார்த்து ஏலாமல் போனார்களோ? கிராம சேவகர், கள்ளனாக இருக்கும் என்கிறார். இருக்கலாம். கள்ளன் வளவில் நின்ற சைக்கிளைத் தொடாமல் போயிருக்கிறான்.

நான் இரவு முழுக்க நல்ல நித்திரை.

 என்ர பிள்ளை குசினிச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவன்.

17.3.2007

விடியக் காலைப் பஸ்ஸில் யோகனைக் கொழும்புக்கு அனுப்பினேன். அங்கே புஸ்பராணியின் ஒன்றுவிட்ட அண்ணன் வீடு. பாஸ்போட்டுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். கட்டார் என்றால் கட்டார். ஒட்டகம் என்றால் ஒட்டகம். கந்தளாய் தாண்டிவிட்டேன் என்று போனில் சொல்லும்வரை அவள் குசினிக் கதிரையை விட்டு எழும்பவில்லை. நானும்தான்.

27.5.2007, ஞாயிறு

யோகன் கட்டார் போய்ச் சேர்ந்து பத்து நாள். நேற்றுப் போன் எடுத்தான். வெக்கைதான், ஆனால் அறையில் பெரிய பிரிஜ் இருக்குதாம். தாய் அதைக் கேட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நாள் கணக்காகிறது. இராசமலர் வெருகலுக்குத் திரும்பிப் போகப் பெயர் பதிந்திருக்கிறாள்.

நேற்றுப் பின்னேரம் பாயிஸ் இந்தப் பக்கம் வந்தபோது புஸ்பராணி அவனைக் கூப்பிட்டு, பிரிஜ்ஜைப் பழைய இடத்துக்கே வைக்கச் சொன்னாள். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் நானும் ஒரு பக்கம் பிடித்தேன். நீட்டு வயரை அவளே சுருட்டி அலுமாரிக்கு மேல் போட்டாள். இரவு பின்கதவுக்கு ஒற்றைக் கொண்டி மட்டும் போட்டாள். உரலையாவது வைப்போமே என்றேன்.

"இனி எங்களை ஆர் கொண்டுபோகப் போகினம்?" என்றாள். படுத்தாள், குறட்டையும் விட்டாள்.

இன்று காலை குத்தி மேலேயே கிடந்தது. மருந்தும் குளிர். பிரிஜ்ஜில் ஒரு பழுதும் இல்லை. இந்த வீட்டில் இப்போது செவிட்டுக் காதைத் தலையணையில் புதைத்து, நல்ல காதை மேலே வைத்துப் படுப்பவன் நான் ஒருவன்தான்.